மோதிரம் உணர்த்தும் உண்மை

மனிதன் அணிந்துகொள்ளும் அணிகலன்களுள் அளவில் மிகச் சிறியவற்றுள் ஒன்று மோதிரம். ஆயினும் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நெற்றிச்சுட்டி, தோடு, மூக்குத்தி ஆகியவை அணிந்தவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றைக் காண்பவர் பிறரே. கையில் அணியும் மோதிரத்தையோ, அணிந்தவரே நாள் முழுவதும் காண முடியும். மேலும் கை என்பது செயலுக்கு உரிய உறுப்பு. கொடுப்பதும் வாங்குவதும், எழுதுவதும் உழுவதும், வணங்குவதும் அடிப்பதும் கையினால்தான். அந்தக் கையில், அணிந்தவரின் கண்ணெதிரே இருக்கும் மோதிரம், ஒவ்வொரு செயலின்போதும் எதையோ நினைவூட்டும் தகுதி உடையதாகிறது.

எதை நினைவூட்டுகிறது என்பதே மோதிரத்தின் பொருள். அந்தப் பொருள் உலோகத்தில் இருக்கிறதா, கல்லில் இருக்கிறதா, அணிந்தவரின் உள்ளத்தில் இருக்கிறதா என்பது சிந்தனைக்குரிய வினா. பல காலங்களிலும் பல நாடுகளிலும் வழங்கிய மோதிரங்கள் சிலவற்றை ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மோதிரத்தைத் தமிழில் ஆழி என்றும் கூறுவர். வட்டமும் சக்கரமும் கடலும் கூட ஆழிதான். முத்திரை பொறித்த மோதிரத்திற்குக் கணையாழி என்று பெயர். வடமொழியில் விரலுக்குரியது என்ற பொருளில் அங்குலீயகம் என்பர். அமரகோசம் என்னும் பழைய நிகண்டு, வெறும் மோதிரத்திற்கு ஒரு பெயரும், எழுத்துப் பொறித்த மோதிரத்திற்கு அங்குலிமுத்ரை என்று மற்றொரு பெயரும் தருகிறது. எழுத்து ஏறியதும் பெயரே மாறிவிடுகிறது. அணிகலன் அடையாளமாகிறது, அழகு பொறுப்பாகிறது.

கணையாழி: சொல்லுக்குப் பின் வந்த அடையாளம்

அச்சும் கையெழுத்தும் பரவலாகாத காலத்தில், ஒருவருடைய ஆணையை உறுதிப்படுத்தியது முத்திரை மோதிரமே. அரக்கிலோ களிமண்ணிலோ அதை அழுத்தினால், 'இது என் சொல்' என்று அறிவித்ததாகும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பழங்கால மோதிரங்கள் கிடைத்துள்ளன. பெயரை விரலில் தாங்கி வாழ்ந்த மனிதர்கள் அன்று இருந்தனர் என்பதற்கு அவை சான்று.

இத்தகைய மோதிரங்களுள் பாரத மக்கள் அனைவரும் அறிந்தது, ஸ்ரீராமர் அனுமனிடம் அளித்த கணையாழி. சீதையைத் தேடி வானரர்கள் நான்கு திசைகளுக்கும் புறப்பட்டபோது, தெற்கே செல்லும் அனுமனிடம் மட்டும் தமது பெயர் பொறித்த மோதிரத்தை ராமர் ஒப்படைத்தார் என்று வால்மீகி முனிவர் கூறுகிறார். காரியத்தை முடிக்க வல்லவர் யார் என்பதை முன்னரே உணர்ந்த நம்பிக்கையின் அடையாளம் அது.

அசோகவனத்தில் நடந்ததைக் கூர்ந்து கவனித்தால் ஓர் அரிய உண்மை புலப்படும். அனுமன் அங்குச் சென்றதும் மோதிரத்தை நீட்டிவிடவில்லை. மரக்கிளையில் மறைந்திருந்தபடி, முதலில் தசரதரின் கதையையும் ராமரின் வரலாற்றையும் இனிய குரலில் கூறினார். பின்னர் நேரில் வந்து வணங்கினார். அப்போதும் சீதையின் ஐயம் தீரவில்லை. முன்பொருமுறை துறவி வேடத்தில் வந்து ஏமாற்றியவன் ராவணன். இப்போது குரங்கு வடிவில் வந்திருக்கலாம் அல்லவா? ஆகவே ராமருடைய அடையாளங்களைக் கூறுமாறு சீதை கேட்டாள். அனுமன் அவருடைய திருமேனி அமைப்பையும் குணங்களையும் விரிவாக விளக்கினார். அவள் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்த பின்னரே கணையாழியை அளித்தார். அதைக் கையில் வாங்கிய சீதை, கணவனையே அடைந்தவளைப் போல் மகிழ்ந்தாள்.

மோதிரத்தைத் திருடியும் கொண்டு வரலாம். ராமரின் குணங்களைத் திருடிக் கொண்டு வர முடியுமா? அவற்றை அறிந்து, நேசித்து, மனத்தில் நிறுத்தியவரே எடுத்துரைக்க முடியும். அனுமனின் சொல் முதலில் சான்றாயிற்று. அந்தச் சொல்லுக்கு மோதிரம் முத்திரையாயிற்று. சீதையும் அவ்வாறே செய்தாள். தனது சூடாமணியைக் கொடுத்தனுப்பியதோடு நில்லாமல், சித்திரகூடத்தில் தன்னைத் துன்புறுத்திய காகத்தின் கதையையும் கூறி அனுப்பினாள். அது அவளுக்கும் ராமருக்கும் மட்டுமே தெரிந்த நிகழ்ச்சி. பொருளோடு சொல்லும் சேர்ந்து சென்றது.

துஷ்யந்தனின் மோதிரம்: மறதியும் நினைவும்

இதற்கு மாறான ஒரு மோதிரத்தைக் காளிதாசர் காட்டுகிறார். அபிஜ்ஞான சாகுந்தலம் என்னும் நாடகத்தின் பெயரிலேயே அந்த மோதிரம் மறைந்திருக்கிறது. அபிஜ்ஞானம் என்றால் அடையாளம் கண்டறிதல். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் சகுந்தலையின் கதையில் மோதிரம் இல்லை. அங்கு வானிலிருந்து எழும் ஒரு குரலே அவள் கூறுவது உண்மை என்று அறிவிக்கிறது. மோதிரத்தையும் துர்வாசரின் சாபத்தையும் சேர்த்துக் கதையை வளர்த்தவர் காளிதாசர்.

துஷ்யந்தன் ஆசிரமத்தைவிட்டுப் புறப்படும்போது தனது பெயர் பொறித்த மோதிரத்தைச் சகுந்தலையின் விரலில் இடுகிறான். நாளுக்கு ஓர் எழுத்தாக எண்ணி வா. என் பெயரின் கடைசி எழுத்தை நீ அடையும்போது, உன்னை அழைத்துச் செல்ல ஆள் வந்துவிடும் என்று உறுதி சொல்கிறான். ஆனால் ஆள் வரவில்லை. கணவனையே நினைத்துத் தன்னை மறந்திருந்த சகுந்தலை, வாயிலில் வந்து நின்ற துர்வாசரைக் கவனிக்கவில்லை. யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அவன் உன்னை மறப்பான் என்று அவர் சபிக்கிறார். தோழி மன்றாடியபின், அடையாள அணியைக் கண்டால் நினைவு திரும்பும் என்று சாபத்தைத் தளர்த்துகிறார்.

அரசவையில் நின்ற சகுந்தலை மோதிரத்தைக் காட்ட முயல்கிறாள்; விரல் வெறுமையாக இருக்கிறது. வரும் வழியில் நீரை வணங்கியபோது அது நழுவி விழுந்துவிட்டது. அவள் பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறாள், அரசன் நகைக்கிறான். பின்னர் ஒரு மீனவன் பிடித்த மீனின் வயிற்றில் அந்த மோதிரம் கிடைக்கிறது. அதைக் கண்டதும் அரசனின் நினைவு திரும்புகிறது. ஆனால் சகுந்தலை அப்போது அங்கு இல்லை.

இந்தக் கதையில் பலரும் கவனியாது விடும் ஒரு பகுதி கடைசி அங்கத்தில் வருகிறது. மாரீச முனிவரின் ஆசிரமத்தில் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். துஷ்யந்தன் அந்த மோதிரத்தை மறுபடியும் அவள் விரலில் இட விரும்புகிறான். சகுந்தலை அதை ஏற்கவில்லை. அதன்மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், அதை அவனே அணிந்துகொள்ளட்டும் என்றும் கூறிவிடுகிறாள்.

அவள் கணவனை ஏற்றுக்கொண்டாள், மோதிரத்தை மறுத்துவிட்டாள். உறவு ஒரு பொருளைச் சார்ந்து நின்றால், அப்பொருள் நீரில் விழுந்த நாளில் உறவும் விழுந்துவிடும் என்பதைத் துன்பம் அவளுக்குக் கற்பித்திருந்தது. மேலும் அந்த மோதிரம் யாருக்குத் தேவைப்படுகிறது? மறவாதிருந்தவள் அவள். மறந்தவனுக்கே நினைவூட்டி வேண்டும். ஆகவே அவனே அதை அணிந்துகொள்வது பொருத்தந்தானே?

பிறர் கையில் சிக்கிய முத்திரை

மோதிரம் தன்னளவில் உண்மை பேசுவதும் இல்லை, பொய் பேசுவதும் இல்லை என்பதை விசாகதத்தரின் முத்ராராட்சசம் என்னும் வடமொழி நாடகம் தெளிவாக்குகிறது. நந்தர்களின் அமைச்சனான ராட்சசன் பாடலிபுத்திரத்தை விட்டு வெளியேறும்போது, தன் குடும்பத்தை நண்பனான சந்தனதாசன் என்னும் மணி வணிகனிடம் விட்டுச் செல்கிறான். ஒருநாள் அவ்வீட்டு வாயிலுக்கு ஒரு சிறுவன் ஓடி வர, ஒரு பெண் அவனை விரைந்து உள்ளே இழுக்கிறாள். ஆணின் விரலுக்கென்று செய்த மோதிரம் ஒன்று அவள் விரலிலிருந்து நழுவி உருண்டு, அங்கிருந்த சாணக்கியரின் ஒற்றன் காலடியில் வந்து விழுகிறது. அது ராட்சசனின் முத்திரை மோதிரம்.

அந்த ஒரு மோதிரத்தைக் கொண்டு சாணக்கியர் பொய்க் கடிதம் ஒன்றுக்கு முத்திரையிடுகிறார். ராட்சசனைச் சார்ந்திருந்த மலயகேது, அவன்மேல் நம்பிக்கை இழக்கிறான். கூட்டணி சிதறுகிறது. ராட்சசன் எழுதாத கடிதத்தில் ராட்சசனின் முத்திரை இருக்கிறது. அதை மறுக்க அவனிடம் சான்று இல்லை.

ஆனால் நாடகம் அத்துடன் முடிவதில்லை. நண்பனின் குடும்பத்தைக் காட்டிக் கொடுக்க மறுத்த சந்தனதாசன் கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறான். அதை அறிந்த ராட்சசன் தப்பிச் செல்லாமல் தானே முன்வந்து சரணடைகிறான். நண்பனின் உயிரைக் காக்கச் சந்திரகுப்தனின் அமைச்சுப் பதவியையும் ஏற்கிறான். முத்திரை மோதிரம் பொய் சொன்ன இடத்தில், இரு நண்பர்களின் நடத்தை உண்மை சொன்னது.

முத்திரை பிறர் கையில் சிக்கும் இந்த ஆபத்தை உலகின் பல சமயங்களும் அரசுகளும் உணர்ந்திருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான போப்பாண்டவர் அணிவது மீனவர் மோதிரம் எனப்படும். மீனவராக இருந்த புனித பேதுருவின் வழித்தோன்றல் என்ற நினைவு அதில் அடங்கியுள்ளது. போப்பாண்டவர் மறைந்தால் அவருடைய மோதிரம் வேறு எவரும் பயன்படுத்த இயலாதவாறு சிதைக்கப்படும். 2025ஆம் ஆண்டு போப் பிரான்சிஸ் மறைந்தபோதும் இம்மரபு பின்பற்றப்பட்டது. பதவி ஒருவரின் உடைமையன்று. அது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பொறுப்பு முடியும்போது அதன் அடையாளமும் முடிந்துவிட வேண்டும் என்பதே இதன் கருத்து.

பவித்திரம்: விலையில்லாத மோதிரம்

அதிகாரத்தைக் குறிக்கும் மோதிரத்தைப் பொன்னில் செய்தார்கள். தூய்மையைக் குறிக்கும் மோதிரத்தை நம் முன்னோர்கள் புல்லில் செய்தார்கள். வைதிகச் சடங்குகளில் வலக்கை மோதிர விரலில் அணியும் தருப்பை மோதிரமே பவித்திரம். பவித்திரம் என்ற சொல்லுக்கே தூய்மை செய்வது என்பது பொருள். தமிழ்நாட்டு வழக்கில் சுப காரியங்களுக்கு இரண்டு தருப்பைகளாலும், முன்னோர்க்குரிய தர்ப்பணத்திற்கு மூன்று தருப்பைகளாலும், இறப்புச் சடங்கிற்கு ஒரே தருப்பையாலும் இதை முடிவது உண்டு.

இந்த மோதிரத்தைத் திருட யாரும் வரமாட்டார்கள். இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாரும் இல்லை. சடங்கு தொடங்கும்போது அணிந்து, முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அதை அணிந்திருக்கும் நேரமெல்லாம், இந்தக் கை இப்போது இறைவனுக்கோ முன்னோர்க்கோ உரிய பணியில் இருக்கிறது என்ற எண்ணம் நிலைக்க வேண்டும். வீண் பேச்சும் வேறு வேலையும் அப்போது கூடாது. விலை ஏதும் இல்லாத ஒரு புல், மனத்தை ஒருமுகப்படுத்தும் கருவியாகிறது.

இதே பவித்திரம் பொன் வடிவம் பெற்ற இடமும் உண்டு. வட கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த பையனூரில் சுப்பிரமணிய சுவாமி கோயிலோடு தொடர்புடையது பையனூர்ப் பவித்திர மோதிரம். கோயில் சடங்குகளின்போது தருப்பைப் பவித்திரத்தை மீண்டும் மீண்டும் முடிய நேர்ந்ததால், அதே முடிச்சின் வடிவில் பொன்னால் ஒன்று செய்யப்பட்டது என்று அவ்வூர் மரபு கூறுகிறது. அதன் மூன்று வரிகள் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் மூன்று நாடிகளைக் குறிப்பதாக விளக்குவர். இதைச் செய்யும் பொற்கொல்லர் புலாலும் மதுவும் தவிர்த்து விரதம் காத்து வேலை செய்வது மரபு. அணிபவரும் ஒழுக்கம் காக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. புல் பொன்னாக மாறினாலும் கட்டுப்பாடு மாறவில்லை. கட்டுப்பாட்டை விட்டுவிட்டு மோதிரத்தை மட்டும் வாங்கி அணிபவருக்கு மிஞ்சுவது பொன் மட்டுமே.

பவித்திரம் அணியும் விரலுக்கு வடமொழியில் அனாமிகை என்று பெயர். பெயர் இல்லாதது என்பது பொருள். பெயரையும் பெருமையையும் தாங்கும் மோதிரம் வந்து அமர்வது பெயரற்ற விரலில் என்பது சிந்திக்கத்தக்கது.

மண மோதிரமும் மெட்டியும்

இரு உள்ளங்களை இணைக்கும் அடையாளமாக மோதிரத்தை வழங்குவது உரோமானியரிடம் இருந்த பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமானிய அறிஞர், மணம் பேசிய பெண்ணுக்கு இரும்பு மோதிரமே அனுப்பப்படுகிறது என்றும், அதில் மணி ஏதும் பதிப்பதில்லை என்றும் எழுதியுள்ளார். செல்வம் மிகுந்த உரோமிலும் அந்த உறவுக்கு அடையாளமாக இரும்பே போதுமானதாக இருந்தது.

இடக்கையின் மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேராக இதயத்திற்குச் செல்கிறது என்ற எண்ணமும் பழங்காலத்தில் நிலவியது. எகிப்தியர் கண்டறிந்ததாகக் கூறப்பட்ட இக்கருத்தை இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்பவர் எழுதி வைத்தார். உடற்கூற்று அறிவியல் வளர்ந்த பின்னர் அந்த விரலுக்கு மட்டும் அப்படி ஒரு தனி வழி இல்லை என்பது தெளிவாயிற்று. விரலிலிருந்து இதயத்திற்கு வழி தானாக அமைந்திருக்கவில்லை என்றால், அந்த வழியை அமைப்பது யார்? மணமக்களே அன்றாட வாழ்வில் அதை அமைக்க வேண்டும்.

நம் நாட்டில் நிச்சயதாம்பூலத்தின்போது மோதிரம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. ஆனால் இந்தியாவின் பல பகுதிகளில் மணமான பெண்ணின் அடையாளமாக நெடுங்காலமாக இருந்து வருவது காலில் அணியும் மோதிரமே. தமிழில் மெட்டி, தெலுங்கில் மெட்டெலு, கன்னடத்தில் காலுங்குர, இந்தியில் பிச்சியா என்று அது வழங்கப்படுகிறது. பொதுவாக வெள்ளியில் செய்யப்படுகிறது. அம்மி மிதிக்கும் சடங்கில் மணமகன் குனிந்து, மணமகளின் பாதத்தைக் கையால் பற்றி, அம்மியின்மேல் வைத்து மெட்டி அணிவிக்கிறான். இந்தக் கல்லைப் போல் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கருத்து அச்சடங்கில் சொல்லப்படுகிறது.

கல்லின் உறுதி பெண்ணுக்கு மட்டும் உரியது என்று பலர் பொருள் கொள்கின்றனர். ஆனால் அந்த நேரத்தில் சபையின் நடுவே தலை தாழ்த்தி நிற்பவன் யார்? மணமகன் அல்லவா? தன்னை நம்பி வருபவளின் காலைத் தொடுவதற்கு அவன் வெட்கப்படவில்லை. அந்தப் பணிவை அவன் மறந்துவிட்டால், மெட்டி அவளுக்கு அடையாளமாக இராமல் பாரமாகிவிடும். துஷ்யந்தனுக்குச் சகுந்தலை சொன்ன பதில், மறக்கின்ற ஒவ்வொரு கணவனுக்கும் உரியது.

இரும்பு மோதிரம்: தொழிலுக்குக் கொடுத்த வாக்கு

மணமக்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதைப் போல், ஒருவர் தமது தொழிலுக்கும் வாக்குக் கொடுக்க முடியும். கனடா நாட்டில் பொறியியல் படிப்பை முடித்தவர்கள் ஓர் உறுதிமொழிச் சடங்கில் கலந்துகொண்டு, எளிய மோதிரம் ஒன்றை அணிந்துகொள்கின்றனர். இரும்பு மோதிரம் என்றே அதற்குப் பெயர். இன்று துருப்பிடிக்காத எஃகிலும் செய்யப்படுகிறது. எழுதும் கையின் சுண்டு விரலில் அது அணியப்படுகிறது.

இத்தகைய உறுதிமொழி ஒன்று வேண்டும் என்று டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹால்டைன் 1922ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். மும்பையில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் சடங்கின் வாசகங்களை எழுதித் தந்தார். முதல் சடங்கு 1925ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் நகரில் நடைபெற்றது.

இம்மோதிரத்தைப் பற்றிப் பேசும்போது அந்நாட்டினர் கியூபெக் பாலத்தை நினைவுகூர்வர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு வந்த அந்தப் பாலம் 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் சரிந்து விழுந்தது. 75 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாலத்தின் சொந்த எடையைக் குறைவாக மதிப்பிட்டதும், அடிப்பகுதி உறுப்புகள் அந்தப் பாரத்தைத் தாங்கும் வலிமையின்றி வடிவமைக்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. மீண்டும் கட்டியபோது, 1916இல் நடுப்பகுதியை உயர்த்துகையில் அது ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தனர். விழுந்த பாலத்தின் இரும்பிலிருந்தே மோதிரங்கள் செய்யப்படுகின்றன என்று பலர் நம்புகின்றனர், அது உண்மையன்று. ஆனால் அந்தக் கதை நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பொறியாளரின் கணக்கில் நேரும் சிறு தவறு, முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களின் வாழ்வைக் குலைத்துவிடும் என்பதை மக்கள் மறக்க விரும்பவில்லை.

எழுதும்போதும் வரைபடம் தீட்டும்போதும் அந்த மோதிரம் தாளில் உரசிக்கொண்டே இருக்கும். கீதை கூறும் கடமையுணர்வை இதைவிட எளிதாகக் காட்டும் பொருள் வேறு இல்லை எனலாம். விற்றால் விலை போகாத இரும்பு, செய்யும் தொழிலைத் தெய்வமாக்கும் வாக்குக்குச் சாட்சியாக நிற்கிறது.

நவரத்தின மோதிரமும் அச்சமும்

இதுவரை கண்ட மோதிரங்கள் அணிபவரிடமிருந்து எதையோ கேட்பவை. தூதனிடம் விசுவாசத்தையும், கணவனிடம் நினைவையும், சடங்கு செய்பவரிடம் தூய்மையையும், பொறியாளரிடம் விழிப்பையும் அவை கேட்கின்றன. இன்று கடைவீதிகளில் மிகுதியாக விற்கப்படும் ராசிக்கல் மோதிரமோ, அணிபவருக்கு எதையோ கொடுப்பதாகச் சொல்லப்படுகிறது.

ஒன்பது கோள்களுக்கு ஒன்பது மணிகளைக் கூறும் மரபு நம் நாட்டில் உண்டு. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பது அந்த வரிசை. நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவில் அமையும். மற்ற எட்டும் அதைச் சூழ்ந்திருக்கும். சூரியனைச் சூழ்ந்த உலகின் ஒரு சிறு வடிவமாக இதைக் காண்பதில் அழகு இருக்கிறது. பெரியோர் கொடுத்தது என்ற அன்போடு அணிவதிலும் குற்றம் இல்லை.

துன்பம் நேரும்போது அச்சம் அந்த அழகை மறைத்துவிடுகிறது. தொழிலில் நட்டம், பிள்ளையின் படிப்பில் தடை, மகளின் திருமணத்தில் தாமதம் என்று கலங்கி நிற்கும் குடும்பத்திடம், இன்ன கல்லை அணிந்தால் எல்லாம் தீரும் என்று ஒருவர் சொல்கிறார். கடன் வாங்கியேனும் அந்தக் கல் வாங்கப்படுகிறது. மருத்துவருக்கும் கல்விக்கும் செல்ல வேண்டிய பணம் விரலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயன் கிட்டாதபோது கல்லில் குறை, எடையில் குறை, அணிந்த நாளில் குறை என்று காரணங்கள் சொல்லப்பட்டு அடுத்த கல் வருகிறது.

அறிவியலாளர் இம்மணிகளை ஆராய்ந்து கூறுவது கவனிக்கத்தக்கது. மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் ஒரே பொருள். இரண்டும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்னும் கனிமமே. அதில் சிறிது குரோமியம் கலந்தால் செந்நிறம். இரும்பும் டைட்டானியமும் சிறிது கலந்தால் நீல நிறம். முத்தும் பவளமும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. வைரம் என்பது கரியின் மற்றொரு வடிவம். 1902ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் வெர்னே, தீச்சுடரில் மாணிக்கத்தைச் செயற்கையாக உருவாக்கும் முறையை வெளியிட்டார். இயற்கை மாணிக்கமும் அதுவும் வேதியியல் அமைப்பில் ஒன்றே.

நம்பிக்கையை இகழ்வதற்காக இவற்றைக் கூற வேண்டியதில்லை. எந்த நம்பிக்கை மனிதனை எழுந்து நடக்கச் செய்கிறதோ அது போற்றத்தக்கது. எது அவனை அஞ்சி ஒடுங்கச் செய்கிறதோ அது ஆராயத்தக்கது. ஊழின் வலிமையைத் தனி அதிகாரத்தில் கூறிய திருவள்ளுவரே, சோர்வின்றி முயல்பவர் அந்த ஊழையும் வென்று விடுவர் என்று ஆள்வினையுடைமையில் உறுதி அளிக்கிறார். அவர் அங்கே மோதிரம் எதையும் பரிந்துரைக்கவில்லை. உழைக்கும் கையையே நம்பச் சொன்னார்.

யாரும் காணாதபோது

மோதிரத்தைக் கொண்டு மனிதனின் உள்ளத்தைச் சோதிக்கும் ஒரு கதையைக் கிரேக்க ஞானி பிளேட்டோ தமது குடியரசு என்னும் நூலில் அமைத்துள்ளார். கைஜஸின் மோதிரம் என்று அது பெயர்பெற்றது. லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவன், நிலநடுக்கத்தில் பிளந்த பூமிக்குள் இறங்கி ஒரு பொன் மோதிரத்தை எடுக்கிறான். அதன் மணியை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அதை அறிந்ததும் அரண்மனைக்குள் புகுந்து, அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றிக்கொள்கிறான்.

இத்தகைய மோதிரம் ஒன்று நல்லவனுக்கும் கிடைத்தால் அவன் நல்லவனாகவே இருப்பானா என்பது அங்கு எழும் வினா. அந்நூலின் இறுதியில் சாக்ரட்டீஸ் தரும் விடை தெளிவானது: அத்தகைய மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதியாக நடப்பதே ஆன்மாவுக்கு நன்மை. பிறர் காண்பதற்காக ஒழுக்கம் காப்பவனிடம் இருப்பது அச்சம். யாரும் காணாதபோதும் காப்பவனிடம் இருப்பதே ஒழுக்கம். பெயர் தெரியாத லட்சக்கணக்கான மக்கள் கூடும் இன்றைய நகரங்களிலும், முகம் காட்டாமல் பேச முடிந்த கைப்பேசித் திரைகளிலும், கைஜஸின் மோதிரம் ஒவ்வொருவர் விரலிலும் இருப்பதைப் போன்ற நிலை வந்திருக்கிறது. அதன் மணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அணிந்தவரின் விருப்பம்.

பொன்னும் மோதிரமும்

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஓர் உண்மையைப் புகட்டுகிறார். ஒரு பொற்கட்டியின் இயல்பை அறிந்தால், பொன்னால் ஆன அனைத்தின் இயல்பும் அறிந்ததாகிவிடும். வளையல், சங்கிலி, மோதிரம் என்பவை வடிவத்தை ஒட்டி வழங்கும் பெயர்கள். வடிவம் உருக்கினால் போய்விடும், பொன் போவதில்லை.

மோதிரங்களின் வகைகளை ஆராய்வதற்கும் இந்த நெறி துணை செய்யும். கணையாழி, பவித்திரம், மெட்டி, மண மோதிரம், இரும்பு மோதிரம் என்று பெயர்கள் பல, வடிவங்கள் பல, புல் முதல் பொன் வரை பொருள்களும் பல. இவை அனைத்திற்கும் அடிப்படையாக உள்ள 'பொன்' ஒன்றே. அது கொடுத்த வாக்கைக் காக்கும் உண்மை. அந்த உண்மை இருந்தால் தருப்பைப் புல்லும் பவித்திரமாகிறது. இரும்பும் ஒளி பெறுகிறது. அது இல்லையென்றால் அரசனின் முத்திரையும் பொய்க் கடிதத்தின்மேல் பதிந்துவிடும்.

ஆகவே விரலில் மோதிரம் அணிந்திருப்பவர், அதைப் பார்க்கும்போதெல்லாம் மூன்று வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதை எந்த உறவின் பெயரால், எந்தப் பொறுப்பின் பெயரால் அணிந்தேன்? அந்த உறவுக்கும் பொறுப்புக்கும் இன்று என் கை என்ன செய்தது? இந்த மோதிரம் இன்றே தொலைந்துவிட்டால், என் நடத்தையைக் கொண்டு என்னை அடையாளம் காண முடியுமா?

மூன்றாவது வினாவே முதன்மையானது. அசோகவனத்தில் கணையாழியைக் காட்டுவதற்கு முன்பே அனுமன் ராமதூதனாக அறியப்பட்டுவிட்டார். அவருடைய சொல்லும் பணிவும் அவர் யாருடையவர் என்பதை அறிவித்துவிட்டன. விரலில் எதுவும் அணியாத ஏழையின் கையும் அவ்வாறு உண்மைக்குச் சாட்சி சொல்ல முடியும். பசித்தவனுக்கு உணவு தரும்போது, விழுந்தவனைத் தூக்கும்போது, கொடுத்த வாக்கின்படி உழைக்கும்போது, அந்தக் கையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணையாழி ஒளிர்கிறது. அது எந்த ஆற்றிலும் நழுவி விழுவதில்லை.